கழுதை மாதிரி கத்தும் பென்குயின்கள்

பென்குயின் என்றால் நம்ம எல்லாருக்கும் மனசில் ஓடும் படம் ஒன்றுதான். பனி, பனிப்பாறை, இன்னும் கொஞ்சம் பனி, நடுவில் கறுப்புக் கோட்டு போட்ட ஆசாமிகள். சன்ஸ்க்ரீன் தடவிக்கொண்டு, தொப்பி மாட்டிக்கொண்டு, கையில் ஐஸ்க்ரீமோடு பென்குயின் பார்க்கப் போகலாம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருப்பவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு. நகரத்திலிருந்து தெற்கே சுமார் 40 கி.மீ. போனால் சைமன்ஸ் டவுன். அங்கே போல்டர்ஸ் கடற்கரை. அங்கே பென்குயின். அவ்வளவுதான் விஷயம்.

பரீட்சை முடிந்த நவம்பர் கடைசியில் நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். அந்தப் பயணக் கதையும், போய் வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்ட சில கணக்குகளும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன பூகோள வகுப்பு. (தூங்கிவிட வேண்டாம்!) ஆப்பிரிக்காவில் பென்குயினுக்கு என்ன வேலை? காரணம் பெங்குவேலா நீரோட்டம். தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் மேற்குக் கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த நீரோட்டம் இது. ஆழ்கடலின் சத்து நிறைந்த தண்ணீர் இந்தக் கரையோரமாக மேலே வரும். அதில் மிதவை உயிரிகள் பெருகும். அவற்றைத் தின்ன மத்தியும் நெத்திலியும் கூட்டம் கூட்டமாகச் சேரும். மீன் இருந்தால் பென்குயின் இருக்கும். அதற்குப் பனி தேவையில்லை, மீன்தான் தேவை. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போகிற வழியே பாதி சுகம். ம்யூசன்பெர்க்கில் கடலைத் தொட்டதும் சாலை கடலோரமாகவே ஓடுகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயின்ட் அடித்த குட்டிக் குட்டி மர அறைகள் கடற்கரையில் வரிசையாக நிற்கும். உடை மாற்றுவதற்காகக் கட்டியவை, இப்போது போட்டோ எடுப்பதற்கே அதிகம் பயன்படுகின்றன. மலையில் உட்கார்ந்து சுறா வருகிறதா என்று பார்த்துக் கொடி ஏற்றுகிறவர்கள் இந்தக் கடற்கரையில் உண்டு. வெள்ளைக் கொடி ஏறினால் சுறாவைப் பார்த்தாயிற்று, உடனே கரையேற வேண்டும் என்று அர்த்தம். வெள்ளை என்றால் சமாதானம் என்று நினைத்துக்கொண்டு நீந்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். அடுத்து கால்க் பே மீன்பிடித் துறைமுகம், அப்புறம் ஃபிஷ் ஹூக், அதைத் தாண்டினால் சைமன்ஸ் டவுன்.

சைமன்ஸ் டவுன் ஒரு கடற்படை ஊர். முதலில் பிரிட்டிஷ் கடற்படை, இப்போது தென்னாப்பிரிக்கக் கடற்படையின் முக்கியத் தளம். ஊர்ச் சதுக்கத்தில் ஒரு நாய்க்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பெயர் ஜஸ்ட் நியூசன்ஸ். கிரேட் டேன் இனம். 1939-ல் பிரிட்டிஷ் கடற்படையில் முறைப்படி ஆளாகவே சேர்க்கப்பட்ட நாய் அது. மாலுமிகளோடு டிக்கெட் இல்லாமல் ரயிலில் போய்ப் போய், ரயில்வேக்காரர்கள் தொல்லை தாங்காமல் புகார் செய்ய, கடைசியில் கடற்படையே வேலை போட்டுக் கொடுத்துவிட்டது. நாங்களும் வரிசையில் நின்று அதன் தலையில் கை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஆனால் இதே ஊருக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, அது சிலை வைக்கிற மாதிரி கதை இல்லை. 1967-ல் நிறவெறி அரசு சைமன்ஸ் டவுனை 'வெள்ளையர் பகுதி' என்று அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த கலப்பின, மலாய், இந்திய, கறுப்பினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டன. மீன் பிடித்தவர்கள், கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் கடல் கண்ணில் படாத, காற்றில் மணல் பறக்கிற குடியிருப்புகளுக்குப் போனார்கள். எங்களோடு வந்த நண்பன் டர்பன்காரன், கொள்ளுத் தாத்தா காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். அவன் வீட்டில் மிஞ்சியிருக்கும் தமிழ் என்று பார்த்தால் தாத்தா, பாட்டி, ரசம், முருகா, அவ்வளவுதான். அவன் தாத்தா குடும்பமும் டர்பனில் கேட்டோ மேனர் என்ற இடத்திலிருந்து இதே சட்டத்தால் கிளப்பப்பட்டதாம். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகான ஊர்டா. அழகான ஊரா பாத்துத்தான் எல்லாரையும் காலி பண்ணியிருக்காங்க" என்றான். அவன் சொன்னது ஆங்கிலத்தில். மேலே இருப்பது என் தமிழ்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்களைக் காலி செய்து 15 வருஷம் கழித்து, யாரும் கூப்பிடாமலே இதே ஊருக்குப் புதிதாகக் குடிவந்தார்கள் சிலர். 1982-ல் போல்டர்ஸ் கடற்கரையில் இரண்டே இரண்டு ஜோடிப் பென்குயின்கள் வந்து கூடு வைத்தன. இந்த இனம் வழக்கமாகத் தீவுகளில்தான் முட்டையிடும், ஏனென்றால் அங்கே நரி, நாய், பூனை தொல்லை இல்லை. ஊருக்குள், வீட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வந்து குடியேறியது அபூர்வம். ஃபால்ஸ் பே வளைகுடாவில் பெரிய வலைப் படகுகளின் மீன்பிடிப்பு குறைந்ததால் மத்தியும் நெத்திலியும் தாராளமாகக் கிடைத்ததும் ஒரு காரணம் என்கிறார்கள். அந்த இரண்டு ஜோடி சில பத்து வருஷங்களில் இரண்டாயிரம், மூவாயிரம் பறவைகள் என்று ஆயிற்று. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆரத்தி எடுத்து வரவேற்றுவிடவில்லை. ராத்திரி முழுக்கக் கத்துகிறது, தோட்டத்தைத் தோண்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று ஏகப்பட்ட புகார். கடைசியில் வேலி போட்டார்கள். மரப்பாதை அமைத்தார்கள். இப்போது அது டேபிள் மௌன்டன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி.

சரி, உள்ளே போவோம். டிக்கெட் எடுத்து மரப்பாதையில் கால் வைத்ததும் முதலில் மூக்குதான் பென்குயினைப் பார்க்கிறது. காசிமேடு பக்கம் மத்தியான வெயிலில் நடந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டாவது காது. ஹீ... ஹா... ஹீ... ஹா... என்று அச்சு அசல் கழுதை. இந்தப் பறவைக்கு 'ஜாக்கஸ் பென்குயின்' என்றே ஒரு பெயர் உண்டு, அதாவது கழுதைப் பென்குயின். 1497-ல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் இந்தக் கரையில் நின்றபோதே, வாத்து அளவில், பறக்கத் தெரியாமல், கழுதை போலக் கத்தும் பறவைகள் என்று பயணக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அதே கப்பல்கள் நம்ம கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தன. அதாவது ஐரோப்பியர்கள் மிளகுக்குக் கடல் வழி கண்டுபிடித்த அந்தப் பயணத்திலேயே நம்ம ஆளும் பதிவாகியிருக்கிறார்.

மூன்றாவதாகத்தான் கண். பெரிய பெரிய உருண்டைக் கருங்கல் பாறைகள், யானைக் கூட்டம் கடலில் இறங்கி நிற்பது மாதிரி. பாறை ஒவ்வொன்றுக்கும் 50 கோடி வருஷத்துக்கு மேல் வயசு. நடுவில் வெள்ளை மணல். மணல் பூராவும் பென்குயின். முழங்கால் உயரம்தான், 60, 70 செ.மீ. இருக்கும். எடை மூன்று கிலோ சொச்சம். ஒன்று குப்புறப் படுத்து வெயில் காய்கிறது. இரண்டு, மூக்கோடு மூக்கு உரசிக்கொள்கின்றன. ஒன்று அவசர வேலை இருப்பது மாதிரி கடகடவென்று தண்ணீர் வரை நடந்து போய், அலை காலில் பட்டதும் 'வேண்டாம்பா' என்று திரும்பி வருகிறது. எங்களில் ஒருத்தி அந்த ஒன்றையே இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு தடவை போய்த் திரும்பியதாம்.

கண்ணுக்கு மேலே ரோஸ் கலரில் ஒரு திட்டு இருக்கும், யாரோ மேக்கப் போட்டுவிட்ட மாதிரி. அது அழகுக்கு இல்லை. சூடு ஏறினால் உடம்பு அந்த இடத்துக்கு அதிக ரத்தத்தை அனுப்பும், அங்கே தோல் மெல்லிசு, காற்று பட்டு ரத்தம் குளிரும். நம்ம பைக் என்ஜினில் இருக்கும் மடிப்புத் தகடுகள் மாதிரி. வெயில் ஏற ஏற ரோஸ் இன்னும் அழுத்தமாகும். மார்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொரு பறவைக்கும் வேறு வேறு, நம்ம கைரேகை மாதிரி. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை என்பதும் சும்மா இல்லை. மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்குக் கறுப்பு முதுகு ஆழ்கடலோடு கலந்துவிடும். கீழேயிருந்து பார்க்கும் எதிரிக்கு வெள்ளை வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும்.

புதர் ஓரமாகப் பானையைப் படுக்கப் போட்ட மாதிரி சில பொருள்கள் மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு பென்குயின் முறைக்கிறது. அவை செயற்கைக் கூடுகள். ஏன் இதெல்லாம் செய்து தர வேண்டும் என்பதற்கும் ஒரு கதை உண்டு, வருகிறேன்.

எங்களைக் கட்டிப் போட்டது வேறு ஒரு காட்சி. மரப்பாதைக்குப் பக்கத்திலேயே, பாறை நிழலில், பிய்ந்துபோன தலையணை மாதிரி ஒரு பென்குயின் நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் இறகு கொத்துக் கொத்தாகத் துருத்திக்கொண்டு, சுற்றிலும் மணலில் பஞ்சு பறந்துகொண்டு. அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு சுற்றுலாக் குடும்பம் "ஐயோ, இதற்கு உடம்பு சரியில்லை" என்று பூங்கா ஊழியரைக் கூப்பிட்டுவிட்டது. அந்த அம்மா தினமும் நூறு தடவை சொல்லும் பதில் போல, ஆனால் சலிக்காமல் சொன்னார்: நோய் இல்லை, இறகு மாற்றுகிறது.

மற்ற பறவைகள் ஒன்றிரண்டாக இறகு உதிர்த்துப் புதுசு வளர்க்கும். பென்குயின் அப்படிச் செய்ய முடியாது. அதன் இறகுக் கோட்டில் ஓட்டை விழுந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போய்விடும், ஆள் காலி. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக உதிர்த்துவிட்டு மொத்தமாகப் புதுசு போட்டுக்கொள்ளும். அதற்குச் சுமார் மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் கடலில் இறங்க முடியாது. கடலில் இறங்காவிட்டால் சாப்பாடு இல்லை. ஒரு வாய் கூட இல்லை. முன்கூட்டியே கடலில் தின்று தின்று சேர்த்து வைத்த கொழுப்பில்தான் ஓட்ட வேண்டும். முடியும்போது உடல் எடையில் கிட்டத்தட்ட பாதி போயிருக்கும்.

யோசித்துப் பாருங்கள். இது ஒரு பந்தயம். இறகு மாற்றுவதற்கு முன்னால் போதுமான மீன் கிடைத்திருந்தால் பிழைக்கும். கிடைத்திருக்காவிட்டால், முதல் நாளே தோற்றுப்போன பந்தயத்தை மூன்று வாரம் நின்று முடிக்க வேண்டும். முடிந்த பிறகும் தப்பவில்லை. மெலிந்த உடம்போடு கடலுக்குப் போனதும் உடனே மீன் கிடைக்க வேண்டும். எங்கள் முன்னால் நின்ற அந்தத் தலையணை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி பாவமாகத்தான் இருக்கின்றன.

இதைவிடச் சங்கடம் இன்னொன்று. சில வருஷம் இறகு மாற்றும் காலம் வந்துவிடும், குஞ்சுகள் இன்னும் வளர்ந்திருக்காது. அம்மா அப்பா இரண்டும் இறகு உதிர்க்க நின்றுவிட்டால் குஞ்சுக்கு மீன் கொண்டுவர ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் கைவிடப்பட்ட குஞ்சுகளைப் பொறுக்கியெடுத்து, கையால் ஊட்டி வளர்த்து, மறுபடி கடலில் விடுகிறார்கள். சான்காப் என்ற கடற்பறவைக் காப்பு அமைப்பு இதைப் பல வருஷமாகச் செய்து வருகிறது.

மரப்பாதையில் நின்று பார்த்தால் "எவ்வளவு பென்குயின்!" என்றுதான் தோன்றும். இப்போது அந்தக் கணக்கைப் பார்ப்போம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பென்குயின்கள் சுமார் 15 லட்சம் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு முட்டையிடும் ஜோடிகள் 10,000-க்கும் குறைவு. கிரிக்கெட் ரசிகர்களுக்காகச் சொல்கிறேன்: கேப் டவுனின் நியூலாண்ட்ஸ் மைதானத்தில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். உலகத்தில் இருக்கும் அத்தனை ஜோடிகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தாலும் மைதானம் நிறையாது. 2024 அக்டோபரில் இந்த இனத்தை 'மிக அருகிய நிலை' என்ற பட்டியலுக்கு மாற்றினார்கள். அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போனது என்பதுதான். இதே வேகத்தில் குறைந்தால் 2035 வாக்கில் இயற்கையில் இல்லாமலே போகலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. 2035-ல் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான். ரொம்ப தூரம் இல்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தது? மூன்று கட்டமாகச் சொல்லலாம்.

முதல் கட்டம், வீடு போனது. தீவுகளில் ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்து இறுகிய பறவை எச்சத்தைக் குடைந்துதான் பென்குயின்கள் கூடு வைத்தன. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்த எச்சம் அருமையான உரம் என்று 1840-களில் கண்டுபிடித்து, கப்பல் கப்பலாகச் சுரண்டிக்கொண்டு போனார்கள். வெறும் பாறை மிஞ்சியது. திறந்த வெயிலில் முட்டையை அடைகாக்க முடியாமல் பறவை எழுந்து போக, கடற்காகங்கள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போக... அதனால்தான் இப்போது பானை மாதிரி செயற்கைக் கூடு.

இரண்டாவது, முட்டை போனது. பென்குயின் முட்டை அப்போது விருந்துப் பண்டம். 1960-களின் கடைசி வரை தீவுகளிலிருந்து முட்டை எடுத்து விற்றார்கள். ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் போடும், சுமார் 40 நாள் அப்பாவும் அம்மாவும் முறை வைத்து அடைகாக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால் அதன் பாதிப்பு புரியும்.

மூன்றாவது, சாப்பாடு போனது. இதுதான் இப்போது நடந்துகொண்டிருப்பது. மத்தி, நெத்திலி இரண்டையும் சுருக்குவலைப் படகுகள் அள்ளுகின்றன. நெத்திலியில் பெரும்பகுதி மனிதர் தட்டுக்கு வருவதில்லை, அரைத்து மீன் மாவாகவும் மீன் எண்ணெயாகவும் ஆகிறது, வேறு பிராணிகளுக்குத் தீவனம். கடலின் தட்பவெப்பம் மாற மாற மீன் கூட்டமும் கிழக்கே நகர்ந்துவிட்டது. பென்குயின் குடியிருப்போ பெரும்பாலும் மேற்கே. குஞ்சு இருக்கும் காலத்தில் பென்குயின் ரொம்ப தூரம் போய் வர முடியாது. போனால் குஞ்சு பட்டினி. போகாவிட்டால் இரண்டும் பட்டினி. 2004 முதல் 2012 வரையிலான எட்டு வருஷத்தில் டாசன், ராபன் என்ற இரண்டு தீவுகளை நம்பியிருந்த பறவைகளில் 60,000-க்கும் மேல் பட்டினியில் செத்திருக்கலாம் என்று 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது.

என்னை ரொம்ப உலுக்கியது 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு. முதல் தடவை கடலில் இறங்கும் இளம் பறவைக்கு யாரும் வழி சொல்லித் தருவதில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா, மிதவை உயிரிகள் நிறைய இருக்கின்றனவா என்று பார்த்து, அங்கே மீன் இருக்கும் என்று உள்ளுணர்வு சொல்லும் இடத்துக்குப் போகும். பல ஆயிரம் வருஷமாக அந்த உள்ளுணர்வு சரியாகத்தான் இருந்தது. இப்போதும் அந்த இடங்களில் தண்ணீர் குளிராகவே இருக்கிறது, மிதவை உயிரிகளும் இருக்கின்றன. மீன் மட்டும் இல்லை. குஞ்சு சரியாகப் படித்து, சரியான விடை எழுதி, ஃபெயிலாகிறது.

முழுக்க இருட்டு என்று சொல்லிவிட்டுப் போக மனசில்லை. 2000 ஜூனில் ட்ரெஷர் என்ற சரக்குக் கப்பல் டாசன் தீவுக்கும் ராபன் தீவுக்கும் நடுவில் மூழ்கி எண்ணெய் கொட்டியது. (மண்டேலா சிறையிருந்த அதே ராபன் தீவு.) சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் தோய்ந்தன. அவற்றைப் பிடித்து ஒரு பெரிய கிடங்குக்குக் கொண்டுவந்து, ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டு, டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்கள். கைகள் எல்லாம் கொத்து வாங்கிக்கொண்டே. எண்ணெய் படாத இன்னொரு 19,000 சொச்சத்தை என்ன செய்வது? லாரியில் ஏற்றி சுமார் 800 கி.மீ. தள்ளி போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள். அவை நீந்தி வீடு வந்து சேர்வதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்று திட்டம். மூன்று பறவைகள் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயர். இப்போது எங்கே நீந்திக்கொண்டிருக்கின்றன என்று ஊரே கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரித்துக்கொண்டிருந்ததாம். சில வாரங்களில் வீடு வந்து சேர்ந்தன. காப்பாற்றியவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. மனுஷன் மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனால் எண்ணெயைத் தேய்த்துக் கழுவலாம், பசியைக் கழுவ முடியாது. அதனால் அடுத்த சண்டை கோர்ட்டில் நடந்தது. 2024-ல் பேர்ட்லைஃப் சௌத் ஆப்பிரிக்கா என்ற அமைப்பும் சான்காபும் சேர்ந்து, குடியிருப்புகளைச் சுற்றி உருப்படியான மீன்பிடித் தடை வேண்டும் என்று அரசுக்கு எதிராக வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் மீன்பிடித் தொழில் தரப்போடு ஓர் உடன்பாடு ஏற்பட்டு, அது நீதிமன்ற உத்தரவாகவே ஆனது. முக்கியமான ஆறு குடியிருப்புகளைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கு வலை வீசக் கூடாத பகுதிகள் குறிக்கப்பட்டன. பத்து வருஷத்துக்கு. பத்து வருஷம் என்றால் 2035. அந்த வருஷத்தை மேலே ஏற்கெனவே பார்த்தோம்.

அன்றைக்கு மத்தியானம் போல்டர்ஸ் கடற்கரைப் பக்கம் போனோம். இங்கே குளிக்கலாம். குளித்துக்கொண்டிருக்கும்போதே நாலடி தள்ளி ஒரு பென்குயின் கடந்து போகும். கரையில் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிற ஆசாமியா இது என்று ஆச்சரியமாக இருக்கும். தண்ணீருக்குள் அம்பு. மணலில் செல்ஃபி மேளா. ஓர் ஆள் பென்குயினை நெருங்கி நெருங்கிப் போக, அது பின்னால் போகப் போக, கடைசியில் பொறுமை இழந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நறுக் என்று ஒன்று வைத்தது. அலகு ரேஸர் மாதிரி. ரத்தம் வந்தது. அவர் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பென்குயின்களே திரும்பிப் பார்த்தன.

இப்படிக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்ப்பது பறவைகளுக்கு நல்லதா கெட்டதா என்று திரும்பும் வழியில் எங்களுக்குள் பெரிய விவாதம். மரப்பாதையை விட்டு இறங்காத வரை அவை நம்மைக் கண்டுகொள்வதே இல்லை, டிக்கெட் காசு பூங்காவுக்குப் போகிறது, பார்த்தவன்தானே கவலைப்படுவான் என்பது என் கட்சி. டர்பன் நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம கரையில நின்னு வேடிக்கை பாக்கறோம், அதுங்களுக்குப் பிரச்சினை கடல்ல இருக்கு. வேலி போட்டு, பானை வெச்சு, போர்டு வெச்சு எல்லாம் கரையிலதான் பண்றோம்" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. போல்டர்ஸில் நின்ற அத்தனை பறவைகளும் நல்லாத்தான் தெரிந்தன. அவற்றின் கதை முடிவாவது நாம் நிற்கிற இடத்தில் இல்லை, அங்கிருந்து 20 கி.மீ. தள்ளி, யாரும் போட்டோ எடுக்காத தண்ணீரில். கோர்ட் உத்தரவு போய்த் தொட்டது அந்தத் தண்ணீரைத்தான். அதனால்தான் எனக்கு அந்த உத்தரவு நூறு செயற்கைக் கூடுகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

காலையில் சீக்கிரம் போங்கள், அல்லது சாயங்காலம் நாலு மணிக்கு மேல். மத்தியானம் டூரிஸ்ட் பஸ் கூட்டம் அள்ளும். சாயங்காலம் கடலுக்குப் போன பறவைகள் கும்பல் கும்பலாகக் கரையேறும். நனைந்த உடம்போடு ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிக் கத்த, பதிலுக்கு அது கத்த, அத்தனை கழுதைச் சத்தத்திலும் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிடுகின்றன. பார்க்க வேண்டிய காட்சி.

கோடையில் தென்கிழக்குக் காற்று பேயாக வீசும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு பார்க்க ஆசையா, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வாய்ப்பு அதிகம். தலையணை பார்க்க ஆசையா, நவம்பர், டிசம்பர்.

தொடாதீர்கள், தீனி போடாதீர்கள். இறகு உதிர்த்து நிற்பதைத் துரத்தித் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். குளிரில் விறைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. பார்க்கிங்கில் 'வண்டிக்கு அடியில் பென்குயின் இருக்கிறதா பாருங்கள்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஜோக் இல்லை, நிழலுக்காக வந்து உட்கார்ந்துவிடுமாம். நாங்கள் நாலு பேரும் நாலு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தோம். நீங்களும் பாருங்கள்.